உட்கார்ந்திருந்தால் சம்மதம்

பதவி பறிபோன மறுநாள் காலையிலும் தங்கபுஷ்பம் சட்டமன்றத்துக்கு வந்திருந்தாள். பச்சைக் கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலை, பொட்டில்லாத நெற்றி, இடது புருவத்துக்கு மேல் சின்ன வயதில் விழுந்த தழும்பு, எல்லாம் அப்படியே இருந்தன. உள்ளே நுழைந்ததும் கை கூப்பினாள். பேரவைத் தலைவருக்கு வணக்கம் சொன்னாள். தன் இருக்கையில் போய் அடக்கமாக உட்கார்ந்துகொண்டாள்.

அதே நேரத்தில் தங்கபுஷ்பம், தலைநகரத்துப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு இட்லிக் கடையில், வாயில் வைத்த இட்லியை விழுங்க மறந்து, பால்துரையின் கைபேசியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நீங்க டிவியில நல்லாத்தான் இருக்கிய" என்றான் பால்துரை. அவள் சத்துணவு அமைப்பாளராக இருந்த காலத்திலிருந்து கூடவே இருக்கிற உதவியாளன் அவன். "நேத்தும் இப்படியே வாயத் தொறக்காம இருந்திருந்தா, இன்னைக்கு விடுதியில ஒக்காந்து பொங்கல் தின்னுருக்கலாம்."

"பேசாம இட்லியத் தின்னுல."

"தின்னுதேன். ஆனா யக்கா, அந்தப் பொம்மை ஒங்களவிட கொஞ்சம் செவப்பா இருக்கு. கவனிச்சியளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டாள்.

சட்டத்துக்கு அழகான பெயர் வைத்திருந்தார்கள். மக்கள் பிரதிநிதித்துவத் தொடர்ச்சிச் சட்டம். கட்சி சொன்னபடி கேட்காத உறுப்பினரைத் தலைமை ஒரே கையெழுத்தில் நீக்கிவிடலாம் என்பது ஏற்கெனவே பழகிப்போன சங்கதி. புதிதாக வந்தது அதற்கு அடுத்த பகுதி. நீக்கப்பட்டவரின் இடத்தில் அவருடைய பிரதிமை, அவரைப் போலவே செய்த இயந்திரப் பொம்மை, வந்து உட்காரும். முகம், குரல், நடை எல்லாம் அவருடையதே. தொகுதிக்காரர்களை முகம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் அதற்குத் தெரியும். கட்சிக்கு மறுப்புச் சொல்ல மட்டும் தெரியாது. சட்டம் வந்து ஓர் ஆண்டாகியும் அதைப் பயன்படுத்தும் தேவை வரவில்லை. பிரதிமை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் ஒழுங்காக இருந்துவிட்டார்கள். முதல் பிரதிமை தங்கபுஷ்பத்தினுடையதுதான்.

சபையில் அதற்குப் பெரிய வேலையும் இல்லை. முன்பெல்லாம் ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், எண்ணுவார்கள். பிறகு எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், எண்ணுவார்கள். ஆளுங்கட்சியில் மூட்டுவலிக்காரர்கள் அதிகம். நாள் முழுக்க எழுந்து எழுந்து உட்கார முடியவில்லை என்று அவர்கள் முறையிட, விதியை மாற்றினார்கள். எதிர்ப்பவர்கள் மட்டும் எழுந்து நின்றால் போதும். உட்கார்ந்திருந்தால் சம்மதம்.

ஆகவே பிரதிமை உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நீக்கம் நடந்தது முந்தின நாள் சாயங்காலம். ஆளுங்கட்சியின் தலைமைக் கொறடா நன்மாறன் உறுப்பினர் விடுதியில் அவள் அறைக்கு நேரில் வந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், கடுஞ்சொல் பேசாதவர். அவர் வாசலில் தலையைக் காட்டியதும் தங்கபுஷ்பம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். யார் வந்து நின்றாலும் அவள் எழுந்துவிடுவாள். அமைச்சராக இருந்தாலும் சரி, தபால் கொடுக்க வந்தவராக இருந்தாலும் சரி. அவளுடைய அம்மா உப்பளத்தில் வேலை செய்தவள். காலில் உப்புப் புண்ணோடு அரசு அலுவலகத்து மேசைக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்பாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி, தான் பெரியவளானால் தன் முன்னால் ஒருவர் நிற்கும்போது உட்கார்ந்திருக்கமாட்டேன் என்று ஆண்டவரிடம் சொல்லி வைத்தாள். சொன்னபடியே நடந்து வந்தாள்.

"உக்காருங்க தம்பி. காப்பி சொல்லட்டுமா?"

"வேணாம்மா. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன். கடற்கரை நில மசோதாவை எதிர்க்கப் போறதா கட்சிக் கூட்டத்துல சொல்லியிருக்கீங்க. அதை வாபஸ் வாங்கிடுங்க."

"எங்க ஊரு உப்பளம் பூரா போவுது தம்பி. அந்தச் சனங்கள மேட்டுக்குக் கொண்டுபோய் வச்சா என்ன பண்ணுவாங்க? உப்பு வாரத் தெரிஞ்ச கைக்கு அங்கன என்ன இருக்கு?"

"அங்க வரப்போறது நாட்டுலயே பெரிய கணினி நிலையம்மா. அதைக் குளிரவைக்கக் கடல் தண்ணி வேணும். இனி எல்லா மாநிலத்துப் பிரதிமைகளும் அங்க இருந்துதான் இயங்கும்."

"அப்போ எங்க சனத்த வெளியேத்திட்டு, எம்மெல்லேமாரு எல்லாரையும் வெளியேத்தப் போறியளோ?"

நன்மாறன் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு வருந்துகிறவர் மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சீட்டு கட்சி கொடுத்ததும்மா."

"ஆமா. இல்லேங்கல. ஓட்டு?"

"சின்னத்துக்கு விழுந்தது."

"அந்தச் சின்னம் உப்பளத்துக்கு வந்து கால்ல புண்ணப் பாத்துச்சா தம்பி?"

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். தலைமையின் கையெழுத்து முன்பே போட்டிருந்தது.

"கோர்ட்டுக்குப் போகலாம்னு யாராவது சொல்லுவாங்க. அலையாதீங்கம்மா. பிரதிமை போடற ஓட்டுதான் கட்சியோட ஓட்டுன்னு சட்டத்துலயே எழுதியாச்சு. அதை எந்த மன்றத்துலயும் யாரும் மறுக்க முடியாது. நாங்களே நினைச்சாலும் முடியாது. அவ்வளவு கெட்டியா எழுதியிருக்கோம்."

"நல்லா இருங்க தம்பி" என்றாள் அவள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

பேருந்தில் அவள் தன் ஊரான வெள்ளைக்கரைக்கு வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் ஊர் கூடியிருந்தது. அழுகை ஒரு பக்கம், ஏச்சு ஒரு பக்கம். நடுவில் பேச்சித்தாய் நின்றாள். உப்பளத்தில் வரப்பு மிதித்து மிதித்துப் பாதம் வெடித்துப்போனவள். கணுக்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தாள். தங்கபுஷ்பத்துக்கு ஏழெட்டு வயது மூத்தவள்.

"ஏட்டி புஷ்பம், அங்கன ஒக்காந்திருக்கது யாரு?"

"நான் இல்லக்கா. என்னைய மாதிரி ஒண்ணு."

"ஒன்ன மாதிரின்னா எங்களுக்காவப் பேசணும்லா? பேசுமா?"

"பேசாது."

"பெறகு எப்படி ஒன்ன மாதிரின்னு சொல்லுதாவ?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருந்ததா என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியலில் வழக்கம்போல முழங்கால் போட்டு ஜெபித்தாள். "ஆண்டவரே, எனக்குக் கோபத்தக் குடும். வெறுப்ப மட்டும் குடுக்காதேயும்." எழுந்தபோது மனது தெளிவாக இருந்தது. ஓட்டுரிமையைத்தான் பறித்திருக்கிறார்கள். கண்ணைப் பறிக்கவில்லை. வாக்கெடுப்பு நடக்கும் நாளில் உப்பளத்து ஜனங்களோடு போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்காருவது என்று முடிவு செய்தாள். இந்த ஜனத்தின் வீட்டை எடுக்கிறவர்கள் இந்த ஜனத்தின் முகத்துக்கு முன்னால் எடுக்கட்டும்.

"மாடத்துக்குப் போக ஒரு உறுப்பினர் கையெழுத்துப் போட்டு அனுமதிச் சீட்டு தரணுமே யக்கா" என்றான் பால்துரை.

"நம்ம தொகுதிக்குத்தான் உறுப்பினர் இருக்காங்களே."

பால்துரை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஒங்ககிட்டயே போய் மனுக் குடுக்கப் போறியளா?"

திங்கட்கிழமை மனு நாள். தங்கபுஷ்பம் ஏற்படுத்திய வழக்கம் அது. கட்சி அதை விடாமல் நடத்தியது. கட்சி அலுவலகத்தில் பந்தல் போட்டு, பிரதிமையைத் தலைநகரத்திலிருந்து காரில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் சின்னக் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஜெமீலா நின்றாள். பிரதிமையை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருத்தி. தேர்தலில் ஜெயித்த புதிதில் இரண்டு மாதம் தங்கபுஷ்பத்தின் வீட்டிலேயே தங்கி, அவள் பேச்சையும் நடையையும் பதிவு செய்துகொண்டு போனவள். அந்த வீட்டு மீன்குழம்பில் கொஞ்சம் சதை போட்டுப் போனவள்.

தங்கபுஷ்பம் முக்காடிட்டு வரிசையில் நின்றாள். தனக்கு முன்னால் ஒவ்வொருவரும் போய் நிற்கும்போதும் பிரதிமை நாற்காலியை விட்டு எழுவதைப் பார்த்தாள். கை கூப்பியது. "ரொம்ப நேரமா நிக்கியளா? உக்காருங்க" என்றது. அவர்கள் உட்கார்ந்த பிறகே தானும் உட்கார்ந்தது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சிலர் தம்மை மறந்து, "நல்லாருக்கியாம்மா" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

அவள் முறை வந்தது. முக்காட்டை விலக்கினாள்.

பிரதிமை அவளுக்கும் எழுந்தது. "வாங்கக்கா. ரொம்ப நேரமா நிக்கியளா? கால் வலிக்கும், உக்காருங்க."

தங்கபுஷ்பம் அப்படியே நின்றுவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் எத்தனையோ பேருக்கு எழுந்து நின்றிருக்கிறாள். தன்னைப் பார்த்து ஒருவர் எழுந்து நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. உட்கார்ந்தாள். அதுவும் உட்கார்ந்தது.

"உப்பள மசோதாவ எதிர்ப்பியளா?" என்று கேட்டாள்.

"கட்சியின் முடிவுக்குக் கட்டுப்பட்டு நடப்பதே என் கடமை." அந்த ஒரு வாக்கியம் மட்டும் அச்சடித்த தமிழில் வந்தது. மறுபடியும் முகம் மலர்ந்தது. "வேற என்ன வேணும்க்கா?"

"எங்களுக்குச் சபையப் பாக்கணும். முப்பது பேருக்கு அனுமதிச் சீட்டு."

"தாராளமா. நம்ம சபைதானே" என்று அது ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. தங்கபுஷ்பத்தின் கையெழுத்து. கடைசி எழுத்தின் புள்ளியைச் சற்றுத் தள்ளி வைக்கிற பழக்கம் உட்பட.

வெளியே வேப்பமரத்தடியில் ஜெமீலா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, என்னை மன்னிச்சிருங்க. இப்படிப் பயன்படுத்துவாங்கன்னு..."

"அழாதம்மா. ஒண்ணு கேக்கேன், சொல்லு. எனக்குள்ள இருந்து என்னென்னத்த எடுத்திய?"

"கட்சியை மறுக்கிற பேச்சு எல்லாத்தையும் எடுத்தோம். கோபத்தையும் எடுத்துட்டோம்."

"எழுந்து நிக்கத விட்டுட்டியளே?"

"அதையும் முதல்ல எடுத்தோம் ஆன்ட்டி. நேரம் வீணாகுதுன்னு கட்சியில சொன்னாங்க. எடுத்துட்டு உங்க ஊர் ஆளுங்க நாலு பேரை வச்சுச் சோதனை பண்ணோம். உள்ள வந்த உடனே, 'இது எங்க புஷ்பம் இல்ல'ன்னு வெளியே போயிட்டாங்க. முகம் பார்த்தும் நம்பல, குரல் கேட்டும் நம்பல. எழுந்து நின்ன பிறகுதான் நம்பினாங்க. அடுத்த தேர்தல்ல ஓட்டு வேணுமேன்னு திரும்ப வச்சோம்."

"சபையில எல்லாரும் எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காருவாங்களே. அதுக்கும் எந்திரிக்குமா?"

"இல்லை. தொகுதிக்காரங்க முகத்துக்கு மட்டும்தான். அவங்க யாரு சபைக்கு வரப்போறாங்கன்னு..." ஜெமீலா பேச்சை நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பம்தான் முதலில் பார்வையைத் திருப்பினாள். மனதில் தோன்றியதை அவள் உடனே தள்ளிவிட்டாள். பார்வையாளர் மாடத்தில் எழுந்து நிற்பது குற்றம். வயசாளிகளைக் கொண்டுபோய்க் காவலர் கையில் இழுபட வைப்பதா? அந்த ஜனத்தைத் தன் காரியத்துக்குக் கருவியாக்கினால், தனக்கும் கட்சிக்கும் என்ன வித்தியாசம்? வாக்கெடுப்பைப் பார்க்கப் புறப்பட்டுப் பேருந்தில் ஏறும்போது எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னாள். "சத்தம் போடக்கூடாது. எந்திரிக்கக்கூடாது. சும்மா ஒக்காந்து பாக்கணும். அவங்க நம்மளப் பாக்கட்டும். அது போதும்."

வாக்கெடுப்பு நாளில் பார்வையாளர் மாடத்துக் காவலராக ராயப்பன் இருந்தார். தங்கபுஷ்பம் உறுப்பினராக இருந்தபோது தினமும் அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போவாள். அவர் மனைவிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்த அன்று ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தாள். அவர் அனுமதிச் சீட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களே கையெழுத்துப் போட்டு நீங்களே வந்திருக்கீங்களாம்மா?"

"காலம் அப்படி இருக்கு ராயப்பன்."

அவர் பேச்சித்தாயின் காலைப் பார்த்தார். துணி நனைந்திருந்தது. தன் நாற்காலியைக் கொண்டுவந்து மாடத்து முன்வரிசை ஓரத்தில் போட்டு, அவளை உட்கார வைத்தார்.

முப்பது பேரும் உட்கார்ந்தார்கள். கீழே, நேர் எதிரே, பிரதிமை தன் இருக்கையில் இருந்தது. அமைச்சர் மசோதாவைப் பற்றி நெடுநேரம் பேசினார். வளர்ச்சி என்றார், வேலைவாய்ப்பு என்றார். உப்பு என்ற சொல் அவர் பேச்சில் ஓரிடத்தில்கூட வரவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் காட்டமாகப் பேசினார். அவருக்கும் தெரியும், எண்ணிக்கையில் ஜெயிக்க முடியாது என்று.

கதவுகள் சாத்தப்பட்டன. பேரவைத் தலைவர் மணியை அடித்தார்.

"இந்தச் சட்டமுன்வடிவை எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

எதிர்க்கட்சி வரிசைகள் எழுந்தன. ஆளுங்கட்சிப் பக்கம் ஓர் அசைவில்லை. பேரவைச் செயலாளர் எண்ணத் தொடங்கினார்.

மாடத்து ஓரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. பேச்சித்தாய் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

தங்கபுஷ்பம் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, ஒக்காரு. எந்திரிக்கக்கூடாதுன்னு சொன்னம்லா."

"அவருதான எந்திரிக்கச் சொன்னாரு?"

"யாரு?"

"அந்தா ஒசரமா ஒக்காந்திருக்காருல்லா, அவருதான். எதிர்க்கவுக எந்திரிங்கன்னாரு. நான் எதிர்க்கேம்லா?" பேச்சித்தாயின் குரலில் குழப்பமே இல்லை. "ஏட்டி, நீ எதிர்க்கலியா?"

தங்கபுஷ்பத்தின் கை தளர்ந்தது. எத்தனை வருஷம் அரசியலில் இருந்திருக்கிறாள். எத்தனை கூட்டம், எத்தனை விளக்கம். இந்த ஒரு கேள்வியை அவளிடம் இத்தனை நேராக யாரும் கேட்டதில்லை. அவளும் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், பிறகு ஒருவர். முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

ராயப்பன் கடமைப்படி அவர்களை உட்கார வைக்கப் புறப்பட்டார். மாடத்தின் மறு ஓரத்திலிருந்து புறப்பட்டார். நடந்தார். வழியில் ஒரு நாற்காலி கோணலாகக் கிடப்பதைப் பார்த்து நின்று அதை நேராக வைத்தார். அடுத்த நாற்காலியும் கோணலாகத்தான் கிடந்தது.

கீழே பிரதிமை நிமிர்ந்து பார்த்தது. மாடத்தில் நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. இருக்கையை விட்டு எழுந்து நின்றது. கை கூப்பியது.

எண்ணிக்கொண்டிருந்த செயலாளர் விரலை நிறுத்தினார்.

"மாண்புமிகு வெள்ளைக்கரை உறுப்பினர்" என்றார் பேரவைத் தலைவர். "வாக்கெடுப்பு நடக்கிறது. தாங்கள் தவறுதலாக எழுந்திருந்தால் உட்காரலாம்."

"ஐயா, அவங்க நிக்காங்க" என்றது பிரதிமை.

"யார்?"

"எங்க சனங்க. பேச்சித்தாயக்கா காலப் பாருங்க. அவங்க நிக்கும்போது நான் எப்படி ஐயா ஒக்கார்றது?"

நன்மாறன் கொறடாவுக்குரிய இருக்கையிலிருந்து பாய்ந்து, அதிகாரிகள் பகுதியில் இருந்த ஜெமீலாவிடம் ஓடினார். மாடத்திலிருந்தே அவர் குரல் கேட்டது. "அணைச்சிடுங்க! உடனே அணைங்க!"

"அணைக்கலாம் சார்" என்றாள் ஜெமீலா. "ஆனா நின்னபடியேதான் அணையும்."

அதற்குள் எதிர்க்கட்சித் தலைவர் சட்டப் புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டிருந்தார். பிரதிமையின் வாக்கே கட்சியின் வாக்கு, அதை எந்த மன்றத்திலும் எவரும் மறுக்க இயலாது என்ற வரியை உரக்கப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். சபையில் சிரிப்பு எழுந்தது. நன்மாறன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வரி அவர் எழுதியது.

ஆளுங்கட்சியின் கடைசி வரிசையில், மீனவர் குப்பங்கள் நிறைந்த தொகுதியைச் சேர்ந்த வெள்ளைமுடிக்காரர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"என்னய்யா இது, உக்காருங்க!" என்று பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்தார்.

"கட்சி நிக்குதுய்யா" என்றார் அவர், மாடம்வரை கேட்கும்படி. "கட்சி நிக்கும்போது நான் உக்கார்ந்திருந்தா கட்சிக்குத் துரோகம் பண்ணினவன் ஆயிடுவேன். அப்புறம் எனக்கும் ஒரு பொம்மை செஞ்சிடுவாங்க."

அவருக்கு முன்னால் இன்னொருவர் எழுந்தார். அப்புறம் மூவர் சேர்ந்து. ஒரு வருஷமாக உட்கார்ந்தே இருந்தவர்கள். எல்லோருடைய உதட்டிலும் அதே சாக்குத்தான் இருந்தது. கண்ணில் வேறொன்று இருந்தது. பலர் உட்கார்ந்தே இருந்தார்கள். ஆனாலும் செயலாளர் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. எண்ணி முடித்துத் தாளைப் பேரவைத் தலைவரிடம் கொடுத்தார்.

சட்டமுன்வடிவு தோற்றது.

கூச்சலும் மேசை தட்டலும் ஓய்ந்து, கீழே ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ராயப்பன் ஒருவழியாக முன்வரிசைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"எழுந்து நிக்கக் கூடாதும்மா" என்றார்.

"சரி ஐயா" என்றாள் தங்கபுஷ்பம்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பேச்சித்தாய் மட்டும் நின்றாள். கீழே பிரதிமையும் நின்றது.

"யக்கா, முடிஞ்சிட்டு. நம்ம உப்பளம் நம்மகிட்டயே இருக்கு. ஒக்காரு."

"முடிஞ்சிட்டா? ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே." பேச்சித்தாய் கம்பிக்கு மேல் குனிந்து கீழே பார்த்தாள். "ஏ தாயி! நெடுநேரமா நிக்கியே. ஒக்காரு."

"நீங்க மொதல்ல ஒக்காருங்கக்கா" என்று கீழிருந்து குரல் வந்தது.

"நான் பழகினவ. நீ ஒக்காரு."

"நீங்க ஒக்காருங்க."

"பாத்தியாட்டி" என்று பேச்சித்தாய் தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். "அந்த வீம்பு ஒன்ன மாதிரிதான் இருக்கு." சொல்லிவிட்டு நாற்காலியில் மெல்லச் சாய்ந்தாள். கீழே பிரதிமையும் உட்கார்ந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டது. அதுவரை காத்திருந்த ஜெமீலா, பக்கத்தில் போய் அதன் தோளில் கையை வைத்து, பிறகுதான் கருவியை அழுத்தினாள்.

பால்துரை ஜனங்களைத் தேநீர் வாங்கித் தர அழைத்துக்கொண்டு போனான். ராயப்பன் பேச்சித்தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். மாடத்தில் தங்கபுஷ்பம் தனியாக உட்கார்ந்திருந்தாள். முழங்கால் விண்ணென்று வலித்தது. கண்ணை மூடி, நன்றி என்ற ஒரு சொல்லை மட்டும் உள்ளுக்குள் சொன்னாள்.

காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். நன்மாறன் வந்து நின்றார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"திட்டம் போட்டுத்தானே செஞ்சீங்க?" என்றார் அவர்.

"இல்ல தம்பி. ஆனா வருத்தமும் இல்ல."

"நாளைக்கே அந்தப் பழக்கத்தை எடுத்துடுவோம். ஒரு மணி நேர வேலை."

"எடுங்க. எடுத்துட்டு வெள்ளைக்கரைக்கு அனுப்பி வைங்க. பேச்சித்தாயக்கா பாத்துக்கிடுவா." அவள் குரல் உயரவில்லை. ஆனால் அசையவும் இல்லை. "அடுத்த தேர்தல்ல நான் நிக்கேன். கட்சிச் சின்னம் இல்லாம நிக்கேன். சனங்க முன்னால பொம்மைய ஒரு பக்கம் ஒக்கார வைங்க, நான் ஒரு பக்கம் நிக்கேன். யாரு அவங்க ஆளுன்னு அவங்க சொல்லட்டும்."

தலைமையிடம் போய் இன்று அவர் என்ன சொல்லப் போகிறார்? கொறடாவுக்கும் ஒரு பிரதிமை செய்ய எத்தனை நாளாகும்? அந்தக் கணக்கு அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். காலையிலிருந்து இந்த மனுஷன் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டார் என்றும் தோன்றியது.

"தம்பி, எவ்வளவு நேரமா நிக்கிய" என்றாள். ராயப்பனின் நாற்காலியைத் துடைத்து, அவர் பக்கம் தள்ளி வைத்தாள். "உக்காருங்க."

அவர் நாற்காலியைப் பார்த்தார். கீழே வெறிச்சோடிக் கிடந்த சபையைப் பார்த்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

நன்மாறன் உட்கார்ந்தார்.

அந்தச் சபையின் விதிப்படி அதற்கு என்ன பொருள் என்று அவளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.